டிக்கெட் கேட்காமல் விட்ட சேவல்

கோழி தும்மும் என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். மார்கழிப் பனியில் ஒரு காலை, புறக்கடையில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். யாரோ 'ச்சிக்' என்று தும்மினார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. மறுபடியும் 'ச்சிக்'. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒளிந்து நின்று எங்கள் வீட்டை வேவு பார்ப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். பிரஷ்ஷை வாயில் கடித்தபடியே போய் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு ஜோடிச் செருப்பும் ஒரு பிளாஸ்டிக் குடமும்தான் கிடந்தன. அந்தச் செருப்பு யாருடையது என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். அடுத்த தும்மல் என் காலடியிலேயே கேட்டது. கவிழ்த்து வைத்த மூங்கில் கூண்டான கொடாப்புக்குள் இருந்து சாம்பல் நிறப் பெட்டைக்கோழி ஒன்று தலையை உதறிவிட்டு என்னைப் பார்த்தது.

என் புத்தி அப்படிப்பட்டது. பேருந்தில் டிக்கெட் பரிசோதகனாகக் காலம் தள்ளியவன் நான். கோயமுத்தூர் உக்கடத்தில் இருந்து கிளம்பும் பஸ்ஸை நடுவழியில் மறித்து ஏறுவோம். ஏறின மாத்திரத்தில் எல்லோர் கையும் சட்டைப்பைக்குப் போகும். ஒருவன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற சோளக்காட்டை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வருவான். அவனிடம் டிக்கெட் இருக்காது. அவனுடைய சோளக்காட்டு ஆர்வத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை. உத்தியோகம் முடிந்தது, பார்வை முடியவில்லை. பால்காரர் குவளையைச் சாய்க்கிற கோணம், மளிகைக் கடைக்காரர் தராசுக்கு முன்னால் நிற்கிற விதம், எதைப் பார்த்தாலும் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். "உங்களுக்குச் சாமி கும்பிடறப்பக்கூடச் சந்தேகந்தானுங்க" என்று என் மனைவி சொல்வாள். பொய் இல்லை.

அந்தக் கோழிகள் அவளுடையவை. அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. நாங்கள் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு வீடு கட்டிக் குடிவந்தோம். வந்த வருடமே அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, உள்ளே பிளேட் வைத்து, வாக்கர் கொடுத்து அனுப்பினார்கள். நடந்தால்தான் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். அவள் நடக்கவில்லை. வலியை விடப் பயம் பெரிதாக இருந்தது. கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், பாதிநாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. இந்த மனுஷி இப்படியே போய்விடுவாள் என்று பயந்துபோனேன்.

அப்போது பக்கத்து வீட்டு அம்மாதான் ஒரு தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கொண்டுவந்து எங்கள் புறக்கடையில் விட்டுவிட்டுப் போனார். தனியாக இருப்பவர். வீட்டின் பின்னால் தகரக் கொட்டகையில் நாலு தறி போட்டு, அவரே ஓட்டிப் பிழைப்பவர். என் மனைவியைவிட மூத்தவர். "கண்ணு, எனக்குத் தறியை உட்டுப்போட்டு வர முடியல. காக்கா குஞ்சைத் தூக்கிப் போடுது. சித்த பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காக்கை இறங்கிய சத்தம் கேட்டதும் என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த நாள் வாக்கரைப் பிடித்து வாசற்படி வரை வந்து "ச்சூ" என்றாள். பிறகு புறக்கடை முழுக்க அவளுடைய ராஜ்ஜியம் ஆனது. குஞ்சுகள் வளர்ந்து, முட்டையிட்டு, அடைகாத்து, பெருகின. வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கடவு ஒன்று விட்டிருந்தோம். அந்த வழியாக இரண்டு வீட்டுக் கோழிகளும் இரண்டு வீட்டுப் பேச்சும் போய் வந்தன.

எனக்கு நன்றி இருந்தது. ஆனால் இவ்வளவு நல்லதை ஒருவர் சும்மா செய்வாரா என்கிற அரிப்பும் கூடவே இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

தும்மல் கேட்டதற்கு மறுநாள் சாம்பல் பெட்டையின் ஒரு கண் மூடிக்கொண்டது. கண்ணுக்குக் கீழே கன்னம் உருண்டையாக வீங்கிவிட்டது. மூக்கில் நுரை. பக்கத்தில் போனால் அழுகல் வாடை. இரவில் கூட்டில் இருந்து 'கொர்ர் கொர்ர்' என்று குறட்டை. இரண்டொரு நாளில் மற்ற கோழிகளுக்கும் தொற்றிக்கொண்டது. என் மனைவி சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், துளசி எல்லாம் அம்மியில் வைத்து நைத்து, உருண்டை பிடித்து, ஒவ்வொன்றாக மடியில் வைத்து வாயைத் திறந்து ஊட்டினாள். ஒரு கோழிக்கு ஊட்டும் நேரத்தில் எனக்கு ஒரு வாய் காப்பி கிடைத்திருக்கும்; கேட்க வாய் வரவில்லை. 

"இதுக எல்லாம் போயிருமாங்க?" என்று கேட்டாள்.

"போகாது" என்றேன். உள்ளுக்குள் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத் தொடங்கினேன். யார் கொண்டுவந்தது?

முதல் ஆள், நாட்டுக்கோழி வாங்க வருகிற வியாபாரி. மொபெட்டின் பின்னால் கம்பிக் கூண்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். எத்தனை ஊர்ச் சளி அந்தக் கூண்டில் இருக்கும்! அவன் வந்தபோது வண்டியை வாசலுக்கு வெளியிலேயே மறித்தேன்.

"எங்கெங்கே போயிட்டு வர்றீங்க?"

"சோமனூர்ப் பக்கமுங்க. ஏனுங்க?"

"அங்க கோழிக்குச் சளி இருக்குதா?"

"சளி இருந்தா நான் வாங்குவனுங்களா?" என்றான். பேச்சு மழுப்பலாக இருந்தது. ஆனால் அவன் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தே பல மாதம் ஆகியிருந்தது. என் மனைவி கோழி விற்பவள் அல்ல. வேண்டாவெறுப்பாக அவனை விட்டுவிட்டேன்.

அப்புறம் காக்கைகளைச் சந்தேகப்பட்டேன். மெயின் ரோட்டில் கறிக்கோழி ஏற்றிப் போகிற லாரிகளைச் சந்தேகப்பட்டேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரின் ஷூவைக்கூட உற்றுப் பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை. ஒருநாள் வேலியோரம் நின்றிருந்தபோது, தறிச் சத்தம் மின்வெட்டில் சட்டென்று நின்றது. அந்த அமைதியில் பக்கத்து வீட்டுக் கூட்டில் இருந்து 'கொர்ர்' என்று கேட்டது. அவர் வீட்டிலும் நோய் இருக்கிறது. அதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை.

அந்தக் கணத்தில்தான் எனக்குக் கூடை ஞாபகம் வந்தது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த சமயம். மாற்றுத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தபோது, ஸ்டாப்பில் திருப்பூர்ப் பக்கம் இருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து வீட்டு அம்மா இறங்கினார். கையில் ஒரு கூடை. மேலே துணி போட்டு, ஓரத்தில் சாக்கு ஊசியால் தைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கூடையை மறு கைக்கு மாற்றி, முந்தானையை அதன்மேல் இழுத்து விட்டுக்கொண்டார்.

"எங்கீங்க போயிட்டு வாறீங்க?" என்று கேட்டேன்.

"காங்கேயத்துக்குங்ண்ணா, என்ற பொறந்த ஊட்டுக்கு. தேங்கா நாலு குடுத்தாங்க" என்று வேகமாக நடந்துவிட்டார்.

அவர் என்னை விட மூத்தவர்தான். ஆனாலும் ஊர் வழக்கப்படி 'அண்ணா' என்றுதான் அழைப்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூடையில்தான். தேங்காய்க்கு எதற்குத் துணி போட்டுத் தைக்க வேண்டும்? மனைவி கிடந்த கிடப்பில் அன்றைக்கு அதைத் துருவ எனக்கு நேரம் இல்லை. இப்போது நன்றாகத் துருவினேன். காங்கேயத்தில் இருந்து நோய்க்கோழி வந்திருக்கிறது. அதன் குஞ்சுகளைத்தான் பெரிய உபகாரம் போல எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷம், கையும் களவுமாகப் பிடிப்பதற்கு முந்தின நிமிடத்துச் சந்தோஷம்.

அன்று சாயங்காலம் கடவு வழியாக வந்தவரை அங்கேயே நிறுத்தினேன்.

"உங்க கோழிக்குச் சளி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்ண்ணா. உங்களுதுக்கு வந்த பொறவுதான் என்றதுக்கும் வந்துச்சு. உங்க ஊட்டு அம்மிணி மனசு சங்கடப்படுமேன்னு நான் வாயத் தொறக்கல."

"எங்க கோழிக்குத்தான் மொதல்ல வந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என் முகத்தையே பார்த்தார். என்ன கேட்கிறேன் என்று புரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. "செரிங்ண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் நான் கருவேல முள்ளை வெட்டிவந்து கடவை அடைத்துவிட்டேன். நோய் பரவாமல் இருக்கத்தானே என்று மனைவியிடம் சொன்னேன்.  அவள் வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

சாம்பல் பெட்டை செத்துப்போனது. குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். அது முதன்முதலில் வந்த குஞ்சுகளில் ஒன்று. அவள் காக்கையிடமிருந்து காப்பாற்றியது. செய்தியைச் சொன்னபோது அவள் அழவில்லை. கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அந்த முதுகை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.  மிச்சக் கோழிகளும் போனால் இவள் இனி எழ மாட்டாள் என்று தெளிவாகத் தெரிந்தது.

ஒரு கோழியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். சின்ன வயது டாக்டரம்மா. அதன் மூக்கை லேசாக அழுத்தினார். முகத்தைச் சுளிக்காமல் மோந்து பார்த்தார்.

"வெள்ளைக் கழிச்சல் இல்லீங்க. அதுன்னா இந்நேரம் உங்க கூடே காலியாயிருக்கும். இது மூக்குச் சளி நோய். மனுசங்களுக்கு வராது. பனிக்காலத்துல கெளம்பும். தண்ணிச் சட்டி வழியாத்தான் பரவும். தண்ணியில மருந்து கலந்து வைங்க. சட்டியைத் தெனமும் கழுவி வெயில்ல காய வைங்க. நோய் வந்ததைத் தனியா வைங்க" என்றார். அப்புறம் கேட்டார், "வெளிக்கோழி ஏதாவது உள்ள வருதுங்களா?"

"வேலியை முள்ளுப் போட்டு அடைச்சிட்டேனுங்க. ஒண்ணும் வராது."

"ஏன் கேக்கறேன்னா, இந்த நோய் வந்து பொழச்ச கோழி பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஆயுசுக்கும் நோயைச் சுமந்துட்டே திரியும். அப்படி ஒண்ணு எங்கியோ இருக்குது. அதைக் கண்டுபிடிக்காத வரைக்கும் மருந்து வீண்."

கண்டுபிடி என்று என்னிடம் சொல்கிறார்! என் முதுகு தானாக நிமிர்ந்தது.

மருந்து கலந்தேன். சட்டிகளைத் தேய்த்துக் கழுவினேன். கோழிகள் கொஞ்சம் தேறும், திரும்பவும் தும்மும். பக்கத்து வீட்டு அம்மா முள்வேலி தாண்டி எதையாவது வீசுகிறாரா என்று பார்க்க, கொய்யா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. தறி ஓடிக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறும் நேரத்தில் தெருப்பக்கத்து மதில்மேல் ஒரு செஞ்சேவல் வந்து இறங்கியது. நல்ல உயரம், அடர்ந்த வால், காலில் மஞ்சள் துணிக் கயிறு. யாரோ கருப்பராயனுக்கு நேர்ந்து விட்ட சேவல். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதைத் தெரியும். சாமி சேவலைக் கட்டிப் போடக் கூடாது, விரட்டக் கூடாது. யார் வீட்டுத் தானியத்தைத் தின்றாலும் கேட்கக் கூடாது. நேர்ந்தவர் எடுத்துப்போய்க் கோயிலில் அறுக்கிற வரைக்கும் ஊரே அதற்கு வீடு. அது பாட்டுக்கு மதிலில் இருந்து குதித்து, மருந்துத் தண்ணீர்ச் சட்டிக்கு வந்து, அலகை முக்கி நாலு வாய் குடித்தது. குடித்துவிட்டுத் தலையை உதறியது.

'ச்சிக்.'

நான் நாற்காலியில் இருந்து எழுந்தேன்.

எத்தனை நாளாக இது என் கண் முன்னாலேயே வந்து குடித்துவிட்டுப் போகிறது! நான் முள் அடைத்தபோது இது மதில்மேல் நின்று வேடிக்கை பார்த்தது. வெளிக்கோழி வருகிறதா என்று டாக்டரம்மா கேட்டபோது, இல்லை என்று சத்தியமாகத்தான் சொன்னேன். இதை நான் கோழி என்றே நினைத்திருக்கவில்லை. பஸ்ஸில் பாஸ் வைத்திருக்கிற ஆட்களை முகத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவோமே, அப்படித் தாண்டியிருக்கிறேன். காக்கையை விசாரித்தவன், சிலிண்டர்காரரின் ஷூவை விசாரித்தவன், இதை விசாரிக்கவில்லை. எங்கள் தெருவில் வேறு யாரும்கூட விசாரித்திருக்க மாட்டார்கள்.

துண்டை எடுத்து அதன்மேல் போடப் போனேன். அது கத்திக்கொண்டு புறக்கடை முழுக்க ஓடியது, நானும் ஓடினேன். தறிச் சத்தத்தையும் மீறி அந்தக் கத்தல் கேட்டிருக்க வேண்டும். முள் சரசரக்க, கையில் சிராய்ப்போடு, அடைத்த கடவைப் பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றார்.

"தொடாதீங்ண்ணா! சாமி சேவல்ங்ண்ணா அது!"

நான் மூச்சிரைக்க நின்றேன். அவர் வந்த வேகம், முகத்தில் இருந்த பதற்றம். இது ஊர்ச் சேவலுக்காக ஒருவர் படும் பதற்றம் அல்ல.

"இது உங்களுதா?"

அவர் சேவலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"காங்கேயத்துல இருந்து கூடையில வந்தது இதுதானுங்களே?"

அவர் தலை குனிந்தது. "ஆமாங்ண்ணா" என்றார்.

பிடித்துவிட்டேன்! என் கணக்கில் ஒரு புள்ளி தவறவில்லை. கூடை, துணி, தையல், காங்கேயம், எல்லாம் சரி. நோய் அந்தக் கூடையில்தான் வந்திருக்கிறது.

"தேங்கான்னு எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"வேண்டுதலை முடிக்கறதுக்கு முன்னால வெளிய சொன்னாப் பலிக்காதுன்னு எங்கூட்ல சொல்லுவாங்ண்ணா." புறங்கையில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அம்மிணியை ஆம்புலன்சுல ஏத்துனப்ப நான்தானுங்களே காலைப் பிடிச்சுட்டு இருந்தேன். அது கத்துன கத்தை என்னால தாங்க முடியல. கருப்பராயா, இந்தப் புள்ள தன் காலால நடந்து உன்ற வாசலுக்கு வந்து நிக்கோணும், செஞ்சேவல் அறுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். இங்க செஞ்சேவல் கெடைக்கல. தம்பி ஊட்ல இருந்து கொண்டாந்து உட்டேன். அம்மிணி இன்னும் அத்தனை தூரம் நடக்கல. அதான் அறுக்காம வெச்சிருக்கறேன். அதுக்கு முன்னமே அங்க சளி வந்து பொழச்சதுன்னு தம்பி சொன்னான். பொழச்சுருச்சேன்னு நெனச்சேனுங்ண்ணா. இப்படி ஆகும்னு தெரியாதுங்க."

என் கையில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன்; பிடித்த பிறகு நானே டிக்கெட் இல்லாதவன் போல நின்றது இதுதான் முதல் தடவை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். சமையற்கட்டு வாசலில் என் மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சேவல் கத்தின சத்தத்துக்கு எழுந்து வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"கோயில் எத்தனை தூரமுங்க்கா?" என்றாள்.

"வாய்க்காலைத் தாண்டோணும் கண்ணு. உன்னால இப்ப ஆகாது."

"எப்ப ஆகும்னு நான் சொல்றேன்" என்றாள். படுத்திருந்த முடி கலைந்து கிடந்தது. அவள் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை.

மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனேன். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை, இந்தப் பக்கத்துக்காரர்தான். "அந்தச் சேவலும் மருந்துத் தண்ணி குடிச்சிருக்குமுங்க. அதனால ஒடனே அறுத்துச் சாப்பிட வேண்டாம். தனியா வைங்க, மருந்து ஒடம்பை விட்டுப் போகட்டும், நான் சொல்றேன். நல்லா வேக வெச்சாப் பயமில்லை. ஆனா இனிமே அதைத் தெருவுல விடாதீங்க. பொழச்ச கோழிகளும் நோயைச் சுமக்கும். ரெண்டு ஊட்டுக் கோழியையும் ஒண்ணாவே வெச்சுக்குங்க. வெளிய யாருக்கும் குடுக்காதீங்க, புதுசா எதையும் உள்ள சேர்க்காதீங்க."

சாமி சேவலை அடைப்பதா என்று பக்கத்து வீட்டு அம்மா தயங்கினார். புதுக் கொடாப்பு வாங்கி, அதன்மேல் மஞ்சள் நனைத்த துணியைப் போர்த்தி, அவர் வீட்டு முன்பக்கத்தில் வைத்தோம். அடைத்ததாக ஆகாது, குடிவைத்ததாக ஆகும் என்று நான் ஒரு விளக்கம் கொடுத்தேன். அவர் அதை நம்பினாரா என்று சொல்ல முடியாது. கடவில் இருந்த முள்ளை நானே எடுத்து எரித்தேன். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அந்த வார்த்தை எனக்கு வராது. முள் எரிகிறபோது அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து, ஒரு டம்ளர் காப்பியை வேலிக்கு மேலாக நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சர்க்கரை அதிகம். வேண்டுமென்றே போட்டிருப்பாரோ என்று ஒரு நினைப்பு ஓடியது, அதை விரட்டினேன்.

என் மனைவி நடந்தாள். முதலில் கடவு வரை. பிறகு பக்கத்து வீட்டு வாசல் வரை, சேவலைப் பார்த்துவிட்டு வர. பிறகு தெருமுனை வரை. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. மீந்த கோழிகள் தேறின. ஒன்றுக்கு ஒரு கண் மட்டும் கடைசி வரை சரியாகத் திறக்கவில்லை. பொங்கல் நோம்பியும் கழிந்து, பனி விட்டு, டாக்டரம்மாவும் சரி என்றார்.

கோயிலுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாய்க்கால் கரையில் அவள் மூன்று இடத்தில் நின்றாள். நான் கை கொடுக்கப் போனபோதெல்லாம் கையைத் தட்டிவிட்டாள். தன் காலால் என்று வேண்டியிருக்கிறதாம். கருப்பராயன் வாசலில் அவள் போய் நின்றபோது பக்கத்து வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

பூசாரி சேவலின் காலைப் பிடித்து நிறுத்தி, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இனி அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்று சொல்வோம். துலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். துலுக்காவிட்டால் வேண்டுதலில் ஏதோ குறை. சேவல் அசையவில்லை. மறுபடியும் தெளித்தார். அது கல்லாக நின்றது.

"மனசுல ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?" என்று பூசாரி பொதுவாகக் கேட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நோயைக் கொண்டுவந்த குற்றத்தைச் சாமியும் பிடித்துக்கொண்டது என்று அவர் நினைப்பது எனக்கு அச்சடித்தது போலத் தெரிந்தது. அந்த எண்ணத்தை அவர் மனசில் விதைத்தவன் நான். என் மனைவி தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

பூசாரி மூன்றாவது முறையாகத் தண்ணீர் தெளித்தார். ஒரு சொட்டு அதன் மூக்கில் விழுந்ததைப் பார்த்தேன்.

'ச்சிக்.' தலை ஒரு உதறு உதறியது.

பூசாரி குனிந்து பார்த்தார். கழுத்துக்குக் கீழே ஓர் இறகுகூட அசையவில்லை. அவர் யோசித்தார். குளிர்காலம் முழுக்க நான் காது கொடுத்துக் கேட்ட சத்தம் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தும்மல் என்று சொல்லியிருப்பேன்.

"துலுக்கிருச்சுங்க!" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் பார்த்தேன். நல்லாத் துலுக்கிருச்சு."

பரிசோதகன் உத்தியோகம் பார்த்தவன் சொல்லுக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. பூசாரி நிமிர்ந்தார். பக்கத்து வீட்டு அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, "கருப்பராயா" என்று வாய்விட்டு அழுதார்.

சேவலை அறுத்து அங்கேயே குழம்பு வைத்துவிட்டு, திரும்பி வரும்போது ஆட்டோ பிடித்தோம். பக்கத்து வீட்டு அம்மா குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. என் மனைவி என் காதருகே சாய்ந்தாள்.

"ஏனுங்க, அது தும்மல்தானுங்களே?"

 அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆட்டோவுக்கு வெளியே சோளக்காடு ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் அதை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.